ஏத்தன் வாழையும் லோரா அலையும்: களக்காட்டுப் பகுதியில் நடந்த ஒரு கல்லூரி–நிறுவனக் கூட்டாய்வு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருநெல்வேலி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தையொட்டி, களக்காட்டுக்கும் திருக்குறுங்குடிக்கும் இடைப்பட்ட கிணற்றுப் பாசனத்தில் ஏத்தன் (நேந்திரன்) வாழை விளையும் தோட்டங்களில், 2023 ஏப்ரல் முதல் 2024 செப்டம்பர் வரை பதினெட்டு மாதம் நடந்த ஒரு கம்பியில்லாத் தொடர்பு ஆய்வை இங்குப் பதிவு செய்கிறேன். ஒரு தரப்பு, மாவட்டத்திலுள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் மின்னணுத் தொடர்பியல் துறை. மறு தரப்பு, பம்புசெட்டுகளுக்கான ஸ்டார்ட்டர் பெட்டிகளைச் செய்துவரும் கொங்குநாட்டு நிறுவனம் ஒன்று. கல்லூரியின் சார்பில் ஒருங்கிணைப்பாளராக இருந்தவன் நான். எனவே இதில் சொல்லப்படும் தவறுகளில் ஒரு பங்கு என்னுடையது.

கைப்பேசியிலிருந்து மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் உதவும் ஸ்டார்ட்டர்கள் இப்பகுதிக்குப் புதியவை அல்ல. த்ரீ ஃபேஸ் மின்சாரம் வந்ததா என்று பார்க்க இரவில் தோட்டத்துக்கு நடப்பதைவிட, வீட்டிலிருந்தே ஒரு மிஸ்டு கால் கொடுப்பது எளிது. காட்டுப் பன்றி நடமாடும் அடிவாரத்தில் அது பாதுகாப்பும்கூட. ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் தனி சிம் வேண்டும், அதற்குத் தனி ரீசார்ஜ் வேண்டும். பழைய பெட்டிகளில் இருப்பது 2ஜி மோடம். 2016இல் 4ஜியிலேயே தொடங்கிய ஜியோவின் சிம் அதில் வேலை செய்யாது; மற்ற நிறுவனங்களின் சிக்னல் மலையோரக் கிணறுகள் பலவற்றில் ஒரு கோட்டுக்கு மேல் ஏறுவதில்லை.

ஊருக்குள் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் ஒரு மாடியில் ஒரே ஒரு சிம்முடன் கேட்வே ஒன்றை, அதாவது இணையத்துக்கும் கிணற்றுப் பெட்டிகளுக்கும் இடையே செய்தியைக் கடத்தும் கருவியை வைத்து, அதிலிருந்து சுற்றுப்புறக் கிணறுகளுக்கெல்லாம் லோரா வழியாகக் கட்டளை அனுப்பலாமா என்பதே நிறுவனம் கேட்ட கேள்வி. ஆற்றல் குறைந்த அலையைத் தொலைதூரம் செலுத்தும் இந்த முறைக்கு இந்தியாவில் உரிமம் தேவையில்லாத அலைவரிசை உண்டு. 2005ஆம் ஆண்டு அறிவிப்பின்படி 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு வாட் ஆற்றலுக்குள் பயன்படுத்தலாம். 2021இல் மேல்வரம்பு 868 ஆக உயர்த்தப்பட்டது. கல்லூரிக்கும் ஒரு தேவை இருந்தது. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்த ஓர் ஆய்வு மாணவிக்கு உண்மையான களத்திலிருந்து கிடைக்கும் தரவு வேண்டும். இறுதியாண்டு மாணவர் நால்வருக்குத் திட்டப்பணி வேண்டும்.

1990களில் சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெநெட் குழு, மைடாஸ் நிறுவனத்துடன் சேர்ந்து கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கிச் சிற்றூர்களுக்கு இணையத்தைக் கொண்டுசென்ற கதையை, புரிந்துணர்வு ஒப்பந்த விழாவில் பேசிய மூவருமே எடுத்துச் சொன்னார்கள். அந்தக் குழுவும் நிறுவனமும் ஒரே நகரத்தில், பல ஆண்டுகள், பழைய மாணவர்கள் வழியே பிணைந்திருந்தன என்பதை ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் இரு தரப்புக்கும் இடையில் ஒரு இரவுப் பேருந்துப் பயணம் இருந்தது.

ஒப்பந்தம் எழுதப்பட்ட விதம்

2023 ஜனவரியில் கையெழுத்தான புரிந்துணர்வு ஒப்பந்தம் இரண்டு பக்கம். அதில் ஒருவரையும் கட்டுப்படுத்தும் வரி ஒன்றும் இல்லை. மார்ச்சில் எழுதப்பட்ட ஆய்வு ஒப்பந்தமே உண்மையானது. மூன்று தவணைகளில் பன்னிரண்டு லட்சம் ரூபாய், இருபத்து மூன்று பம்புசெட்டுகள், பதினெட்டு மாதம் என்பவை அதில் தெளிவாக இருந்தன. தெளிவில்லாமல் போனவை மூன்று.

முதலாவது வரி. பன்னிரண்டு லட்சத்துக்குள் ஜிஎஸ்டி அடக்கமா, தனியா என்று எழுதப்படவில்லை. பதினெட்டு சதவீத வரி அதற்குள்தான் என்று நிறுவனத்தின் கணக்குப் பிரிவு பிடிவாதமாக நின்றபோது, ஒரு லட்சத்து எண்பத்து மூவாயிரம் ரூபாய் எங்கள் கையைவிட்டுப் போயிற்று. அதை ஈடுசெய்ய, தோட்டங்களுக்கு அருகிலேயே தங்கியிருக்க வேண்டிய களப் பணியாளர் பதவியை நீக்கினோம். கணக்கேட்டில் அது சிறிய திருத்தமாகவே தெரிந்தது. அதன் விலை ஐப்பசியில்தான் புரிந்தது.

இரண்டாவது, ஆய்வில் பிறக்கும் கண்டுபிடிப்புகள் 'இரு தரப்புக்கும் கூட்டாக உரியவை' என்ற ஒற்றை வரி. சம உரிமை என்ற நிறைவோடு அதில் கையெழுத்திட்டோம். மூன்றாவது, நிறுவனத்தின் முன் அனுமதியுடன் மட்டுமே கட்டுரை வெளியிடலாம் என்ற வரி. அந்த அனுமதியை எத்தனை நாளுக்குள் தர வேண்டும் என்று அதில் இல்லை.

முதல் சோதனை: சித்திரை 2023

வந்திறங்கிய முதல் தொகுதி ரேடியோ பலகைகள் ஐரோப்பிய அமைப்புடன் இருந்தன. அவற்றின் இயல்பான அலைவரிசைகள் 868.1, 868.3, 868.5. மூன்றுமே நமக்கு அனுமதிக்கப்பட்ட எல்லைக்கு வெளியே. அவற்றை 865.0625, 865.4025, 865.985 என்ற இந்திய அமைப்புக்கு மாற்ற மாணவர்களுக்கு ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. மாற்ற வேண்டும் என்பதை அறிய மூன்று வாரம் ஆயிற்று.

ஏப்ரல் கடைசியில், மூன்று மாடி உயர வீடொன்றின் மொட்டை மாடியில், தரையிலிருந்து ஒன்பது மீட்டர் உயரத்தில் கேட்வேயின் ஆன்டெனாவை நிறுத்தினோம். கிணற்றடி மோட்டார் அறைகளில் ஸ்டார்ட்டர் பெட்டியின் ஆன்டெனா இரண்டு மீட்டர் உயரத்தில் இருந்தது. பங்குனியில் நட்ட ஏத்தன் கன்றுகள் அப்போது முழங்கால் அளவு. மிகத் தொலைவான கிணறு 1.4 கிலோமீட்டர். இருபத்து மூன்று பெட்டிகளும் முதல் நாளே பதில் அளித்தன. ஒரு வாரத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது கட்டளைகள் போய்ச் சேர்ந்தன. அந்த வாரத்தின் அட்டவணையை நிறுவனம் ஆகஸ்டில் நடந்த டீலர் கூட்டத்தில் திரையிட்டுக் காட்டிற்று. எந்தப் பருவத்தில் எடுத்த அளவு என்ற குறிப்பு அதில் இல்லை. நாங்கள் அனுப்பிய கோப்பிலும் இல்லை.

மே மாதத்தில் வேறொரு கேள்வி எழுந்தது. பெட்டியைத் தோட்டத்தில் பொருத்த இசைந்திருந்த விவசாயி ஒருவர், மாணவரின் மடிக்கணினியில் தம் மோட்டார் ஓடிய நேரம் மணி நிமிடத்துடன் வரிசையாக நிற்பதைப் பார்த்துவிட்டு, "இது ஈபிக்காரனுக்குப் போவுமா தம்பி?" என்று கேட்டார். இலவச மின்சாரத்தில் ஓடும் மோட்டாருக்கு மீட்டர் வருமோ என்ற அச்சம் இங்குள்ள எந்த விவசாயிக்கும் உண்டு. அது வரை நாங்கள் வாய்மொழியாகவே இசைவு பெற்றிருந்தோம். அந்த வாரமே, என்ன பதிவாகிறது, அது எங்கே சேமிக்கப்படுகிறது, யாருக்குக் கொடுக்கப்படாது என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, இருபத்து மூன்று பேரிடமும் படித்துக் காட்டிக் கையெழுத்துப் பெற்றோம். இருவர் விலகிக்கொண்டார்கள். அவர்களின் பழைய பதிவுகளை அழித்தோம். ஒன்றரை ஆண்டில் நாங்கள் காலத்தோடு செய்த ஒரே முடிவு அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஐப்பசி முதல் தை வரை கண்டவை

அக்டோபரில் வாழை ஆளுயரத்தைக் கடந்து நான்கு மீட்டரை நெருங்கியது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் தொலைவிலுள்ள ஒன்பது கிணறுகளிலிருந்து பதில் விட்டுவிட்டு வந்தது. நவம்பரில் சில நாள்கள் கட்டளைகளில் பாதிகூடப் போய்ச் சேரவில்லை. அதே நவம்பரும் டிசம்பரும்தான் பருவத் தேர்வுக் காலம். மாணவர் நால்வரும் தேர்வறையில் இருந்தார்கள், ஆய்வு மாணவிக்குத் தேர்வுக் கண்காணிப்புப் பணி இருந்தது, களப் பணியாளர் என்று ஒருவர் இல்லை. ரேடியோவுக்கு மிகக் கடினமான இரண்டு மாதங்களில் தோட்டத்தில் எங்கள் ஆள் ஒருவரும் இல்லை என்பதைப் பின்னால் நாள்காட்டியைப் புரட்டியபோதுதான் கண்டோம்.

டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களை மூழ்கடித்த மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய அந்த இரு நாள்களில், எங்கள் பெட்டிகளில் நான்கு நீரில் போயின. மின்சாரமும் கைப்பேசி இணையமும் அற்றுப்போன பதினொரு நாள்களுக்கான பதிவு முற்றிலும் இழக்கப்பட்டது. ஏனெனில் கேட்வே தான் பெற்ற எதையும் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் நேரே சர்வருக்கு அனுப்பும்படி அமைக்கப்பட்டிருந்தது. நூறு ரூபாய் விலையேறாத ஒரு நினைவக அட்டையும், ஒரு கார் பேட்டரியும் இருந்திருந்தால், ஆய்வின் மிக அரிய தரவு கையில் இருந்திருக்கும்.

ஜனவரியில் நிறுவனப் பொறியாளர் வந்து பார்த்தார். மழைத் துளிகளே அலையைத் தின்றுவிடுகின்றன என்பது அவர் கருத்து. மழை நின்றதும் சரியாகிவிடும், ஆகவே பெரிதுபடுத்த வேண்டாம் என்றார். மழையால் அலை கணிசமாக நலிவது ஏறத்தாழ பத்து கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகளுக்குத்தான். 865 மெகாஹெர்ட்ஸில் அது பொருட்படுத்தத் தக்கதன்று. இதை அறிந்திருந்தும், அவருக்கு எதிராக வைக்க எங்களிடம் அளவு இல்லாததால் நாங்கள் வாதாடவில்லை.

திருப்பம் ஒரு முதியவரிடமிருந்து வந்தது. தை மாதத்து அதிகாலை, ஆறரை மணி. வானத்தில் மேகம் இல்லை. ஆய்வு மாணவி கைப்பேசியிலிருந்து அனுப்பிய கட்டளைக்கு மோட்டார் அசையவில்லை. வாழை இலையின் நடு நரம்பு வழியே பனிநீர் ஓடி, நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது. தோட்டக்காரர் வரப்பில் உட்கார்ந்தபடி, "மழ வேண்டாம் தாயி, பனி பெஞ்சாலே போதும். வெயில் ஏறுத வரைக்கும் இது கேக்க மாட்டேங்கு" என்றார். எட்டேமுக்காலுக்கு இலைகள் உலர்ந்தன. கட்டளை முதல் முறையிலேயே போய்ச் சேர்ந்தது. மழையே இல்லாத நாளில், இலை நனைந்திருக்கும் நேரத்தில் மட்டும் தொடர்பு அறுகிறது என்பது, வானத்தை விட்டுவிட்டு இலையைப் பார்க்கச் சொன்னது.

கண்டறிந்ததும் செய்ததும்

கணக்கு எளியதாகவே இருந்தது, முன்பே போட்டிருக்கலாம். இரு ஆன்டெனாக்களுக்கு இடையே அலை பயணிக்கும் வெளி ஒரு மெல்லிய கோடு அன்று, நடுவில் பருத்த ஒரு கதிர்க்கோல் போன்றது. அதை ஃப்ரெனெல் மண்டலம் என்பார்கள். 1.4 கிலோமீட்டர் தொலைவுக்கு, இந்த அலைவரிசையில், நடுப்பகுதியில் அதன் ஆரம் ஏறத்தாழ 11 மீட்டர். அதில் அறுபது சதவீதம், அதாவது 6.6 மீட்டராவது தடையின்றி இருப்பது நல்லது. ஒன்பது மீட்டர் உயரத்திலிருந்து இரண்டு மீட்டர் உயரத்துக்கு இறங்கும் நேர்கோடு நடுவில் ஐந்தரை மீட்டரில் இருக்கிறது. சித்திரையில் கன்றுகளுக்கு மேலே ஏறத்தாழ ஐந்து மீட்டர் வெளி இருந்தது. குறைவுதான், ஆனாலும் ஒப்பேறியது. ஐப்பசியில் அது ஒன்றரை மீட்டராயிற்று. கிணற்றை நெருங்கும் கடைசிப் பகுதியில் அலை முழுவதும் இலைக்கூட்டத்துக்குள்ளேயே போக வேண்டியிருந்தது. உலர்ந்த இலையில் தப்பிப் பிழைத்த தொடர்பு, நீர் படிந்த இலையில் அறுந்தது.

முதலில் யோசித்தது ஆன்டெனாவை உயர்த்துவது. மோட்டார் அறையின் மேல் ஆறு மீட்டர் ஜிஐ குழாய் நட்டால் வாழைக்கு மேலே போகலாம். ஆனால் ஆனி, ஆடிக் காற்றில் முட்டுக் கொடுத்த வாழையே சாயும் ஊர் இது. குழாய்க்கு இழுகம்பி வேண்டும், இடிதாங்கி வேண்டும், செலவு ஸ்டார்ட்டரின் விலையைத் தொட்டது. சோதனைக்கு நட்ட ஒரு குழாயின் உச்சியில் மயில் வந்து உட்கார்ந்து ஆன்டெனாவை மூன்று நாளில் வளைத்துவிட்டது.

அடுத்தது பரவல் எண்ணை உயர்த்துவது. லோராவில் ஸ்பிரெடிங் ஃபேக்டர் எனப்படும் இந்த எண் 7 முதல் 12 வரை போகும். ஒரு படி ஏறினால் ஏறத்தாழ இரண்டரை டெசிபெல் நலிந்த அலையையும் வாங்க முடியும். ஆனால் செய்தி செல்லும் நேரம் ஏறத்தாழ இரட்டிக்கும். இருபது பைட் செய்திக்கு 7இல் ஏறத்தாழ 57 மில்லி நொடி. 12இல் ஒன்றேகால் நொடிக்கு மேல். ஒரு கிணற்றுக்கு அது பொருட்டில்லை. த்ரீ ஃபேஸ் வந்த அதே நிமிடத்தில் இருபது பேரும் மோட்டாரைப் போடும்போது செய்திகள் ஒன்றையொன்று மோதி அழிந்தன.

பிப்ரவரியில் மாணவி முன்வைத்த வழி இரண்டுக்கும் நடுவில் அமைந்தது. உயர்ந்த வரப்பிலுள்ள இரண்டு மோட்டார் அறைகளில் மட்டும் ரிலே, அதாவது செய்தியை வாங்கி மறுபடி அனுப்பும் இடைநிலைக் கருவி, வைப்பது. ஒவ்வொரு பெட்டியும், கடந்த சில நாள்களில் எந்த மணியில் எந்தப் பரவல் எண்ணில் பதில் கிடைத்தது என்பதைத் தானே நினைவில் வைத்து, காலைப் பனி நேரத்தில் ரிலே வழியாகவும் வெயிலேறிய பின் நேரடியாகவும் பேசுவது. ஈரத்தை அளக்கத் தனிக் கருவி வேண்டியதில்லை. நேரமே அதைக் காட்டிக் கொடுத்தது. வாழை தார் வெட்டும் நிலையில், இலைக்கூட்டம் முழுதாக இருந்த மார்ச்சில் இதைச் சோதித்தோம். அதிகாலையிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குக் குறையாமல் கட்டளைகள் போய்ச் சேர்ந்தன. கேட்வேயில் நினைவக அட்டையும் அப்போது பொருத்தப்பட்டது.

கட்டுரையும் காப்புரிமையும்

பட்டத்துக்கான காலக்கெடு நெருங்கிக்கொண்டிருந்ததால், மாணவி மார்ச் கடைசியில் கட்டுரையை எழுதி முடித்து அனுமதிக்காக நிறுவனத்துக்கு அனுப்பினார். ஏப்ரல் முழுவதும் பதில் இல்லை. மே மாதத்தில், இதைக் காப்புரிமைக்கு உட்படுத்தப் போவதால் ஒன்றும் வெளியிடக் கூடாது என்று இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. எப்போது விண்ணப்பிப்பார்கள் என்று அதில் இல்லை.

துறையில் இரு கருத்து நிலவியது. கற்றோர் சங்கமொன்றின் முன் படிக்கப்பட்ட கட்டுரைக்கு, விண்ணப்பத்துக்கு முன் வெளியானது புதியதல்ல என்ற விதியிலிருந்து, 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு பன்னிரண்டு மாத விலக்கு தருகிறது. எனவே மாநாட்டில் படித்துவிட்டுப் பிறகு விண்ணப்பிக்கலாம் என்றார் மூத்த பேராசிரியர் ஒருவர். நாங்கள் கலந்தாலோசித்த வழக்கறிஞர் அதை நம்பி இறங்க வேண்டாம் என்றார். அந்த விலக்கு குறுகலானது, வெளிநாட்டில் எல்லா இடத்திலும் செல்லாது. மேலும், எந்த நேரத்தில் எந்த வழியே பேசுவது என்ற கணிப்பு முறை வெறும் அல்காரிதமாக நின்றால் 3ஆம் பிரிவின் (கே) உட்பிரிவு அதைத் தள்ளிவிடும்; ஸ்டார்ட்டர் பெட்டி, ரிலே, அவை செயல்படும் விதம் என்று கருவியோடு சேர்த்தே உரிமை கோர வேண்டும் என்றும் சொன்னார்.

அவர் காட்டிய வழியில், கண்டுபிடிப்பை விரிவாக விளக்கும் முழு விவரக்குறிப்புக்குக் காத்திராமல், தற்காலிக விவரக்குறிப்புடன் ஜூன் இரண்டாம் வாரம் விண்ணப்பித்தோம். அதற்குப் பின் முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்யப் பன்னிரண்டு மாதம் உண்டு. கட்டுரையை மறுநாளே அனுப்பலாம். கல்வி நிறுவனங்களுக்கு 2021 முதல் கட்டணத்தில் எண்பது சதவீதச் சலுகை உண்டு. ஆனால் சலுகைக்கு உரிமையில்லாத நிறுவனமும் கூட்டு விண்ணப்பதாரராக இருந்ததால் முழுக் கட்டணமே கட்டினோம். கட்டுரையிலிருந்து கிணறுகளின் இருப்பிடத்தையும் தொலைபேசி எண்களையும் நீக்கினோம். மோட்டார் ஓடிய நேரத்தைக் கட்டுரையில் சேர்க்கவே இல்லை. 2023 மே மாதத்துக் கையெழுத்துத் தாளில் விவசாயிகளுக்கு நாங்கள் கொடுத்த வாக்கு அது.

பின் நடந்தவை

கட்டுரை ஏற்கப்பட்டது, மாணவி ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். நிறுவனம் ரிலே பெட்டியைத் தன் விலைப்பட்டியலில் சேர்த்துக்கொண்டது. இருபத்தொரு கிணறுகளில் பதினாறு இன்றும் எங்கள் முறையில் ஓடுகின்றன. மூன்றில் பெட்டி வெள்ளத்துக்குப் பின் மாற்றப்படவில்லை, இருவர் பழைய சிம் பெட்டிக்கே திரும்பிவிட்டார்கள். கடைசித் தவணை இரண்டு மாதம் தாமதமாக வந்தது.

கூட்டுரிமை வரியின் பொருள் அதற்குப் பிறகே தெளிந்தது. கயத்தாறு பக்கம் காற்றாலைகளின் கருவிகளைக் கண்காணிக்கும் பணியில் உள்ள சிறு நிறுவனம் ஒன்று, அதே ரிலே முறையைத் தன் பணிக்குப் பயன்படுத்தக் கல்லூரியிடம் உரிமம் கேட்டது. காப்புரிமைச் சட்டத்தின் 50ஆம் பிரிவு, வேறு உடன்பாடு இல்லாதபோது, கூட்டுரிமையாளர் ஒவ்வொருவரும் மற்றவருக்குக் கணக்குக் காட்டாமல் கண்டுபிடிப்பைத் தாமே பயன்படுத்திக்கொள்ள அனுமதிக்கிறது. மற்றொருவருக்கு உரிமம் வழங்கவோ தன் பங்கை மாற்றவோ மட்டும் இணை உரிமையாளரின் இசைவு வேண்டும். நிறுவனத்துக்குத் தொழிற்சாலை இருக்கிறது, ஆகவே எங்களுக்கு ஒரு ரூபாயும் தராமல் பெட்டி செய்து விற்கலாம். கல்லூரிக்குத் தொழிற்சாலை கிடையாது. உரிமம் வழங்குவதே அது கண்டுபிடிப்பைப் பயன்படுத்தும் ஒரே வழி, அதற்கோ இசைவு வேண்டும். இசைவு கேட்டோம். போட்டியாளர் வளர்ந்துவிடக்கூடும் என்று மறுத்தார்கள். அவர்கள் சட்டத்தை மீறவில்லை. நாங்கள் கையெழுத்திட்டதைத்தான் படித்துக் காட்டினார்கள்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இரண்டாம் கட்டத்துக்கான வரைவு இப்போது இரு தரப்பிடமும் இருக்கிறது. அதில் உரிமையைப் பயன்பாட்டு வாரியாகப் பிரித்திருக்கிறோம்: விவசாய மோட்டார் சார்ந்தவற்றில் நிறுவனத்துக்குத் தனியுரிமை, விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் கல்லூரிக்கு ஒரு தொகை, மற்ற எல்லாத் துறைகளிலும் கல்லூரி தன் விருப்பப்படி உரிமம் வழங்கலாம். கட்டுரைக்கு முப்பது நாளுக்குள் பதில் வராவிட்டால் அனுமதி தரப்பட்டதாகக் கொள்ளப்படும். காப்புரிமைக்காக நிறுத்திவைக்க விரும்பினால் அறுபது நாளுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். தொகைக்குப் பக்கத்தில் 'வரி தனி' என்ற இரண்டு சொல் சேர்ந்திருக்கிறது. களப் பணியாளரின் ஊதியம் முதல் தவணையிலேயே தனித் தலைப்பில் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த இடத்துக்கு அடிவாரத்து ஊர்களிலேயே ஐடிஐ முடித்த ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு வரியில் மட்டும் நிறுவனம் இன்னும் உடன்படவில்லை. கன்று நட்டதிலிருந்து தார் வெட்டும் வரை ஒரு வாழைப் பருவம் முழுவதும் அளந்த பிறகே எந்த எண்ணையும் டீலர்களிடம் காட்டலாம் என்று எழுதியிருக்கிறோம். ஆறு மாதம் போதும் என்று கேட்கிறார்கள். பங்குனி நடவுக்கு முன் கையெழுத்தாகாவிட்டால், அடுத்த கன்றுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும்.